தபால்காரர் கொண்டுவந்த கல்லூரி

"ஏன் கண்ணு, வாத்தியாரும் இல்ல, பள்ளிக்கூடமும் இல்ல... இது இன்னா படிப்பு?"

எங்கள் ஆயா கேட்ட கேள்வி இது. எம்.ஏ. கல்வியியல் படிப்புக்கான புத்தகக் கட்டு வீட்டுக்கு வந்த நாளில் கேட்டது. நாற்பது வருடத்துக்கு மேல் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிய கை அது. புத்தகக் கட்டைத் தூக்கிப் பார்த்து, "ஒரு படி உப்பு கனம் இருக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் இந்தக் கேள்வியைக் கேட்டது. நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் கேள்வி மனசை விட்டுப் போகவில்லை.

யோசித்துப் பாருங்கள் நண்பர்களே. ஆசிரியர் இல்லாமல் 'ஆசிரியம்' பற்றி முதுகலைப் பட்டம் படிக்கிறோம்! இது எப்போது தொடங்கியது? யார் தொடங்கியது? இதை நம்பிக் காசு கட்டலாமா? தேடியதில் கிடைத்ததையெல்லாம் கோர்த்து எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணலில் தொடங்கிய கதை

ஆசிரியர் குறைவு, பிள்ளைகள் அதிகம். இந்தச் சிக்கல் இன்று நேற்று வந்ததல்ல. இதற்கு உலகப் புகழ் பெற்ற ஒரு பதில் நம் சென்னையிலிருந்துதான் போனது. 1789-இல் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் எழும்பூரில் இருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் விடுதியின் பொறுப்புக்கு வந்தார். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். காகிதம் வேண்டாம், பலகை வேண்டாம், அழித்து அழித்து எழுதலாம். மூத்த பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பதும் நம் ஊர் வழக்கம்தான். சட்டாம்பிள்ளை என்பார்களே, அதேதான்.

பெல் இந்த இரண்டையும் தன் விடுதியில் நடத்திப் பார்த்தார். இங்கிலாந்து திரும்பி 1797-இல் புத்தகமாகவே போட்டார். அங்கே அதற்குப் பெயர் 'மெட்ராஸ் முறை'. ஒரே ஓர் ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த முடியும் என்றதும் பல நாடுகளில் பரவியது.

நம் திண்ணையில் இருந்து எடுத்ததை அவர்கள் முறையாக எழுதிவைத்துப் பெயர் வாங்கிக்கொண்டார்கள். அது ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. 'ஆசிரியர் எல்லா நேரமும் கூடவே இருந்துதான் ஆக வேண்டுமா?' என்ற கேள்வியை இரண்டு நூற்றாண்டுக்கு முன்பே கேட்டுவிட்டார்கள். ஆயா கேட்டதன் மறுபக்கம்தான் இது.

பரீட்சை மட்டும் வைத்த பல்கலைக்கழகம்

1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. தொடக்கத்தில் அது பாடம் நடத்தும் இடமே இல்லை. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்தது. கல்லூரிகள் பாடம் நடத்தும், பல்கலைக்கழகம் பரீட்சை வைக்கும், பட்டம் கொடுக்கும். அவ்வளவுதான் வேலை. 1904-ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டத்துக்குப் பிறகுதான் பல்கலைக்கழகங்கள் தாமே பாடம் நடத்துவதற்கு வழி ஏற்பட்டது.

லண்டன் பல்கலைக்கழகம் 1858-இல் இன்னும் ஒரு படி மேலே போனது. எந்தக் கல்லூரியிலும் சேராதவர்கூடப் பரீட்சை எழுதலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. உலகின் எந்த மூலையிலும் தானே படித்துப் பட்டம் வாங்கலாம். பின்னாளில் ராபன் தீவுச் சிறையில் இருந்த நெல்சன் மண்டேலா சட்டம் படித்ததும் இதே லண்டன் வழியில்தான்.

நம் ஊரில் இப்படித் தானே படித்துப் பரீட்சை எழுதியவர்களைத் 'தனித்தேர்வர்' என்றோம். இந்த வரிசையில் ஒருவரைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். திருப்பத்தூர் தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்த்த ஒரு இளைஞர். உடல்நலம் கெட்டு வேலையை விட்டார். தானாகவே தமிழ் படித்தார். 1935-இல் வித்துவான் தேர்வைத் தனியாக எழுதி மாநிலத்திலேயே முதலாவதாக வந்தார். 1939-இல் பி.ஓ.எல்., அதுவும் தனியாக. 1948-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழில் முனைவர் பட்டம்.

அவர் பெயர் மு. வரதராசன். ஆமாம், நம் மு.வ.தான்! நம் வீடுகளில் திருக்குறள் தெளிவுரை என்றால் அந்தச் சின்னப் புத்தகம்தானே. அதை எழுதியவர் ஒரு தனித்தேர்வர்.

அரையணாத் தபாலும் அஞ்சல்வழிப் பாடமும்

தனித்தேர்வர் முறையில் ஒரு பெரிய குறை இருந்தது. பரீட்சை எழுதலாம், சரி. என்ன படிப்பது, எப்படிப் படிப்பது, எழுதியது சரியா தப்பா என்று சொல்ல ஆள் கிடையாது. மு.வ. போன்றவர்கள் தாண்டிவிட்டார்கள். எல்லோரும் மு.வ. ஆக முடியுமா?

அந்தக் குறையை நிரப்பியது தபால். 1840-இல் இங்கிலாந்தில் எந்த ஊருக்கும் ஒரு பென்னியில் கடிதம் போகும் என்ற ஏற்பாடு வந்தது. அதே ஆண்டு ஐசக் பிட்மன் என்பவர் தபாலில் சுருக்கெழுத்துப் பாடம் அனுப்பத் தொடங்கினார். மாணவர் எழுதி அனுப்புவார், அவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். இந்தத் 'திருத்தி அனுப்புவது' இருக்கிறதே, அதுதான் முக்கியம். இன்றைக்கு நாம் விழுந்து விழுந்து எழுதும் அசைன்மென்ட்டுக்குத் தாத்தா அதுதான்.

இந்தியாவில் நாடு முழுவதும் ஒரே கட்டணத்தில், அரையணாவில் கடிதம் போகும் ஏற்பாடு 1854-இலேயே வந்துவிட்டது. ஆனால் தபாலில் பட்டப்படிப்பு வர மேலும் 108 ஆண்டுகள் ஆயின. சுதந்திரத்துக்குப் பிறகு கல்லூரியில் இடம் கேட்டு நிற்பவர்கள் பெருகினார்கள். கல்லூரி கட்டப் பணம் இல்லை. டி.எஸ். கோத்தாரி தலைமையிலான குழு அஞ்சல்வழிக் கல்வியைப் பரிந்துரைத்தது. 1962-இல் டெல்லிப் பல்கலைக்கழகம் தொடங்கியது. இந்தியாவில் அதுதான் முதல்.

தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. அந்த ஆண்டு அங்கே துணைவேந்தராக வந்தவர் யார் தெரியுமா? மு.வ.! தனியாக உட்கார்ந்து படித்துப் பட்டம் வாங்கியவர், வீட்டிலிருந்தே படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் அனுப்பும் பல்கலைக்கழகத்துக்குத் தலைவரானார். 1974-இல் மறையும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது, உண்மையைச் சொல்கிறேன்.

அடுத்து 1979-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1981-இல் சென்னைப் பல்கலைக்கழகம். இதில் அண்ணாமலை நமக்கு நெருக்கம். விழுப்புரம் மாவட்டம் 1993-இல்தான் பிரிந்தது. அதற்கு முன் மரக்காணமும் சிதம்பரமும் ஒரே தென்னார்க்காடு மாவட்டம். ஆக 1979-இல் நம் மாவட்டத்துக்குள்ளேயே தபால் கல்லூரி வந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் பழைய ஆசிரியர்கள், தாலுகா ஆபீஸ்காரர்கள், கூட்டுறவுச் சங்க எழுத்தர்கள் என்று கேட்டுப் பாருங்கள். நிறைய பேர் அஞ்சல் வழியில்தான் மேலே படித்திருப்பார்கள். வேலைக்கும் போக வேண்டும், வீட்டையும் பார்க்க வேண்டும், பட்டமும் வேண்டும் என்றால் வேறு என்ன வழி இருந்தது?

கதவில்லாத பல்கலைக்கழகம்

அஞ்சல்வழிக் கல்வி இடத்தைத் தாண்டியது. ஆனால் 'பிளஸ் டூ பாஸா? மார்க் எவ்வளவு?' என்ற வாசற்படி அப்படியே இருந்தது. அதை உடைத்தது திறந்தநிலைப் பல்கலைக்கழகம். பிரிட்டனில் 1969-இல் அமைத்து 1971-இல் பாடம் தொடங்கினார்கள். வானொலியும் தொலைக்காட்சியும் வகுப்பறை ஆயின. முன்தகுதி எதுவும் கேட்கவில்லை.

இந்தியாவில் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982-இல் ஆந்திரத்தில் வந்தது. இன்றைய அம்பேத்கர் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அதுதான். அதன் முதல் துணைவேந்தர் ஜி. ராம் ரெட்டி. 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், அதாவது இக்னோ வந்தபோது அதற்கும் அவரே முதல் துணைவேந்தர். 1990 முதல் 1994 வரை அந்த நாற்காலியில் இருந்தவர் ஒரு தமிழர், கரூர்ப் பக்கத்து வா.செ. குழந்தைசாமி. நீரியல் பொறியாளர், 'குலோத்துங்கன்' என்ற பெயரில் கவிஞர், தமிழ் எழுத்துச் சீர்திருத்தம் பேசியவர். 2001-இல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகத்துக்குப் பின்னாலும் அவர் உழைப்பு இருக்கிறது. மாநிலத்துக்கென்று தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது.

இதற்கு நடுவே 2004 செப்டம்பரில் கல்விக்காகவே எஜுசாட் என்ற செயற்கைக்கோளை இஸ்ரோ அனுப்பியது. மணலில் தொடங்கிய கதை வானத்துக்குப் போய்விட்டது!

செல்லுமா, செல்லாதா?

இதுவரை சொன்னது பெருமை. இனிச் சொல்வது வலி. தொலைதூரப் பட்டம் வைத்திருக்கும் எல்லோரும் ஒருமுறையாவது கேட்ட கேள்வி: "இது செல்லுமா?"

2009-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. இளங்கலைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் நேரடியாக வாங்கிய முதுகலைப் பட்டம் செல்லாது. அதே ஆண்டு தமிழக அரசும் ஆணை போட்டது. பத்தாவது, பிளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலையில் வாங்கிய பட்டத்தை அரசுப் பணிக்கு ஏற்க முடியாது என்றது.

சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் யாரெல்லாம் பத்தாவதோடு, எட்டாவதோடு நின்றவர்கள்? உப்பளத்துக்கும் கடலுக்கும் சூளைக்கும் போனவர்கள்தான். அவர்களுக்காகத் திறந்த கதவு அது. உள்ளே விட்டுவிட்டு, படித்து முடித்து வெளியே வரும்போது 'நீ வந்த வழி சரியில்லை' என்றால் எப்படி?

மேற்பார்வையிலும் குழப்பம் இருந்தது. 1991-இல் அமைத்த தொலைதூரக் கல்விக் குழு இக்னோவுக்குள்ளேயே இயங்கியது. ஆட்டக்காரரே அம்பயராகவும் இருந்தால் எப்படி இருக்கும்? 2013-இல் அந்தப் பொறுப்பு பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியிடம் போனது. அதன் பிறகு எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு, எந்த ஆண்டு என்று பிரித்துப் பிரித்து அங்கீகாரம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15 வரைதான் அங்கீகாரம் என்று 2022-இல் யுஜிசி அறிவித்தபோது எத்தனை பேர் வயிற்றில் புளி கரைந்திருக்கும்! அதே 2022 செப்டம்பரில் இன்னோர் அறிவிப்பு: அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களில் தொலைதூர வழியில் வாங்கிய பட்டமும் நேரடிப் பட்டமும் சமம். நல்லது. ஆனால் 'அங்கீகாரம் பெற்ற' என்ற அந்த இரண்டு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆசிரியர்கள் ஏன் இவ்வளவு பேர் தொலைதூரத்தில் எம்.ஏ. படித்தார்கள் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. உயர்கல்வித் தகுதி பெற்றால் ஊக்க ஊதிய உயர்வு கிடைத்தது. 2020 மார்ச்சில் தமிழக அரசு அந்த முறையை ரத்து செய்தது. ஆக இப்போது படிப்பவர்கள் 'இன்க்ரிமென்ட்டுக்காக' என்று சொல்லிக்கொள்ள முடியாது. வேறு காரணம் வேண்டும்.

ஜூனும் டிசம்பரும்

மற்ற ஊர்க்காரர்கள் சொல்ல முடியாத ஒன்றை இப்போது சொல்கிறேன்.

மரக்காணம் பழைய ஊர். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்தப் பக்கம்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சங்க காலத்தில் உமணர்கள் வண்டியில் உப்பு ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். பிறகு பக்கிங்ஹாம் கால்வாயில் தோணியில் போனது, இப்போது லாரியில் போகிறது. வண்டி மாறினாலும் உப்பு விளையும் காலம் மாறவில்லை. தை, மாசியில் பாத்தியைச் சீர் செய்து உப்புத் தண்ணீர் பாய்ச்சத் தொடங்கினால் சித்திரை, வைகாசி, ஆனி வெயிலில் நல்ல விளைச்சல். ஐப்பசி மழை வந்தால் பாத்தி மூழ்கிவிடும். அதன் பிறகு வேலை கிடையாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலையில்லாத காலம் என்று அரசே கணக்கில் எடுத்து உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் அறிவித்திருக்கிறது.

இக்னோ பருவத் தேர்வு எப்போது? ஜூனில் ஒன்று, டிசம்பரில் ஒன்று. ஜூன் என்றால் உப்பளத்தில் ஒரு நாள் கூலியைக்கூட விட முடியாத காலம். டிசம்பர் என்றால் கையில் காசு இல்லாத காலம், மழைக் காலம், புயல் காலம். 2004 டிசம்பர் 26 சுனாமியை இந்தக் கரை மறக்காது. 2011 டிசம்பர் 30 தானே. 2020 நவம்பரில் நிவர் கரையைக் கடந்ததே எங்கள் பக்கத்தில்தான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் வந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை.

பாடம் வீட்டுக்கு வருகிறது. பரீட்சை வரவில்லை. அதற்கு நாம்தான் பஸ் பிடித்துத் திண்டிவனமோ புதுச்சேரியோ விழுப்புரமோ போக வேண்டும். நான் ஒரு முறை மழையில் பஸ் கிடைக்காமல் ஒரு தாளை விட்டேன். மறுபடி ஆறு மாதம் காத்திருந்து, மறுபடி கட்டணம் கட்டி எழுதினேன். யாரையும் குறை சொல்லவில்லை. நாட்டுக்கே ஒரே கால அட்டவணை என்றால் இப்படித்தான் ஆகும்.

ஆனால் வரலாற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. தபால் இடத்தைத் தாண்டியது. திறந்தநிலை வயதையும் முன்தகுதியையும் தாண்டியது. காலத்தை மட்டும் யாரும் இன்னும் தாண்டவில்லை. 'உனக்கு வசதியான நேரத்தில் படி' என்கிறார்கள். 'எனக்கு வசதியான நேரத்தில் எழுது' என்றும் சொல்கிறார்கள். மாதச் சம்பளக்காரருக்கு இது தெரியாது, லீவு போட்டுவிடுவார். பருவத்தை நம்பிப் பிழைப்பவருக்குத்தான் தெரியும்.

சேரப் போகும் தம்பி தங்கைகளுக்கு

அனுபவத்தில் சொல்கிறேன், மூன்று விஷயம்.

1. எம்.ஏ. கல்வியியல் வேறு, எம்.எட். வேறு, பி.எட். வேறு. பள்ளி ஆசிரியர் ஆக வேண்டும் என்றால் அதற்குரிய பயிற்சிப் பட்டம் வேண்டும். எம்.ஏ. கல்வியியல் படித்தால் மட்டும் பள்ளியில் வேலை கிடைத்துவிடாது. கல்வி எப்படி இயங்குகிறது என்று புரியும். அந்தப் புரிதல் வேண்டும் என்றால் சேருங்கள்.

2. பணம் கட்டும் முன் யுஜிசியின் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகம் மட்டுமல்ல, அந்தப் படிப்பும், நீங்கள் சேரும் ஆண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். ஏஜென்ட் சொல்வதை நம்பாதீர்கள்.

3. பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி என்ற வரிசையை விடாதீர்கள். நடுவில் ஒன்று விட்டிருந்தால் தனித்தேர்வராக எழுதி முடித்துவிட்டு மேலே போங்கள்.

கடைசியாக, ஆயா கேள்விக்கு வருகிறேன். போன வாரம் உட்கார வைத்து இந்தக் கதையெல்லாம் சொன்னேன். மணலில் எழுதியது, மு.வ. தனியாகப் படித்தது, தபாலில் பாடம் வந்தது எல்லாம். பொறுமையாகக் கேட்டது. கேட்டுவிட்டு, "அப்போ வாத்தியார் இருக்காரு, தூரத்துல இருக்காரு, அவ்ளோதானே?" என்றது. ஆமாம் என்றேன்.

"அப்போ அவரை நம்ம அளத்துப் பக்கம் ஒரு தபா வந்து பாக்கச் சொல்லு. ஜூன் மாசம் இன்னா மாசம்னு தெரியும்."

என் அடுத்த அசைன்மென்ட்டில் ஒரு கேள்வி: தொலைதூரக் கல்வி மாணவரின் தேவைகளை எழுதுக. முதல் வரியாக எதை எழுதப் போகிறேன் என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் ஊரில் பரீட்சை மாதம் எந்த வேலையோடு மோதுகிறது என்று நீங்களும் சொல்லுங்கள். நெல் அறுவடையா, மீன்பிடித் தடைக்காலமா, செங்கல் சூளையா? சேர்த்து வைத்தால் யாருக்காவது எழுதி அனுப்பலாம். தபாலிலேயே!